கொலுப்படியும் ஷெர்ரிப் பீப்பாயும்: ஒரு மலிவு விஸ்கியின் வழியே சில வரலாற்றுக் குறிப்புகள்

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டின் மாடியறையில் ஒரு விஸ்கிப் புட்டி திறக்கப்பட்டது. என் தாத்தா 1940களின் தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடு இது. இங்கே திறக்கப்பட்ட முதல் மதுப்புட்டி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பொருளாதார வரலாறு கற்பிக்கும் வங்காளி நண்பர் ஒருவர் எடின்பரோவில் நடந்த கருத்தரங்கிலிருந்து திரும்பும் வழியில், விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் அதை வாங்கியிருந்தார். “விலை அதிகமில்லை. நீங்களும் நானும் இத்தனை ஆண்டுகளாகக் கப்பல் சரக்குப் பட்டியல்களில் இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை சுவைத்தும் பார்த்துவிடுவோம்” என்றார்.

இப்பதிவு குடியைப் பரிந்துரைப்பதற்காக எழுதப்படவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை அறியாதவர் தமிழ்நாட்டிலும் இல்லை, வங்காளத்திலும் இல்லை. நான் எழுத விரும்புவது வேறொன்று. ஒரு மலிவான புட்டியின் மேலுள்ள சில சொற்களுக்குள் இருநூறு ஆண்டுக் கால வணிகமும் சட்டமும் எவ்வாறு படிந்திருக்கின்றன, அவ்வணிகத்தின் ஓரத்தில் லேக் மார்க்கெட் தமிழர்கள் எங்கே நின்றார்கள் என்பதே கேள்வி.

1. பெட்டி

முதலில் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவின் படிகள் மரப்பெட்டிகளால் ஆனவை. ஒவ்வோர் ஆண்டும் அவற்றை அடுக்கி, மேலே தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியை விரித்துப் பொம்மைகளை வைப்பார்கள். அவற்றுள் இரண்டு பெட்டிகளின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு மையால் அச்சுத்தகடு வைத்துப் பொறித்த எழுத்துகள் உண்டு. அப்பக்கத்தை எப்போதும் சுவரை நோக்கித் திருப்பிவைப்பது பாட்டி வகுத்த விதி. நான் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்தேன். ‘கிளாஸ்கோ’ என்பதும் ‘கல்கத்தா’ என்பதும் தெளிவாக இருந்தன. நடுவிலிருந்த பெயர் தேய்ந்திருந்தது. அது பன்னிரண்டு ஸ்காட்ச் புட்டிகள் வந்த பெட்டி என்பதை மிகப் பின்னரே அறிந்தேன்.

தாத்தா தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து, சுருக்கெழுத்திலும் தட்டச்சிலும் சென்னை அரசின் ஹையர் தேர்வுச் சான்றிதழ்களுடன் கல்கத்தாவுக்கு வந்தவர். கிளைவ் தெருவிலிருந்த ஆங்கிலேய நிறுவனம் ஒன்றில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தார். அன்றைய கல்கத்தாவின் மானேஜிங் ஏஜென்சி நிறுவனங்களை ஸ்காட்லாந்துக்காரர்களின் நகரம் என்றே சொல்லலாம். சணல் ஆலைகளின் மேற்பார்வையாளர்கள் டண்டீயிலிருந்து வந்தார்கள். பால்மர் லாரியை 1867இல் தொடங்கிய இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். டல்ஹவுசி சதுக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், கரையா சாலையில் ஸ்காட்டியர்களுக்கென்றே தனிக் கல்லறைத் தோட்டம். இந்நிறுவனங்கள் தேயிலையையும் சணலையும் ஏற்றுமதி செய்தன. இயந்திரங்களையும் மதுவையும் இறக்குமதி செய்தன. அவற்றின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவர்களிலும் கணக்கெழுதியவர்களிலும் கணிசமானோர், ராஷ்பிகாரி அவென்யூவிலும் லான்ஸ்டவுன் சாலையிலும் ஏரியை ஒட்டிய தெருக்களிலும் குடியேறிய தென்னிந்தியர்கள். அவ்வேரியைக் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் தோண்டியது. அதைச் சுற்றி எழுந்த புதிய வீடுகளே இப்பகுதியின் தொடக்கம்.

எத்தனை பெட்டி விஸ்கி எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை உடைந்தது, காப்பீட்டுக்காரருக்கு என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியும். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டும் அருந்தியதில்லை. காலியான பெட்டிகள் மட்டும் டிராமிலும் ரிக்‌ஷாவிலுமாக வீடு வந்து சேர்ந்தன.

2. பெயர்

நண்பர் கொண்டுவந்த புட்டியின் பெயர் ‘நேக்கட் மால்ட்’. முன்பு ‘நேக்கட் கிரவுஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. பெர்த் நகரத்து மளிகை, ஒயின் வணிகர்களான குளோக் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ‘ஃபேமஸ் கிரவுஸ்’ விஸ்கியின் வழிவந்தது. 2021இல்தான் பெயரிலிருந்து பறவை பறந்து மால்ட் வந்து அமர்ந்தது. விவரச்சீட்டில் ‘பிளெண்டட் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி’ என்றும், ஷெர்ரிப் பீப்பாயைப் பற்றியும் எழுதியிருக்கிறது. வயது குறிப்பிடப்படவில்லை.

‘பிளெண்டட் மால்ட்’ என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு விளக்க லேக் மார்க்கெட்டின் காப்பிப்பொடிக் கடையே போதும். அங்கே பீபரியும் பிளாண்டேஷன் ஏயும் பாதிக்குப் பாதி வறுத்து அரைக்கச் சொல்லலாம். அப்போது இருவகைக் கொட்டைகள் கலந்திருந்தாலும் எல்லாம் காப்பிதான். அத்துடன் சிக்கரி சேர்த்தால் கதை மாறுகிறது. விலை குறைகிறது, டிகாக்‌ஷன் கெட்டியாகிறது. ஸ்காட்ச்சிலும் இதே படிநிலைதான். ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு செம்பு வாலைகளில் வடித்தது சிங்கிள் மால்ட். பல வடிசாலைகளின் மால்ட்டுகளை மட்டும் கலந்தால் பிளெண்டட் மால்ட். சிக்கரியில்லாத இருகொட்டைக் காப்பி இது. பிற தானியங்களைக் கொண்டு தொடர்வாலையில் மலிவாக வடித்த கிரெயின் விஸ்கியையும் சேர்த்தால் பிளெண்டட் ஸ்காட்ச். கிரெயின் விஸ்கியும் மூன்றாண்டு ஓக் பீப்பாயில் கிடந்தே ஆக வேண்டும் என்பதால் அதைச் சிக்கரிக்கு ஒப்பிடுவது சற்று அநீதிதான். புரிதலுக்காக மட்டும் கொள்க.

காப்பியின் ஒப்புமை தற்செயலானதும் அன்று. ஸ்காட்ச் கலவையை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் மளிகைக் கடைக்காரர்களும் ஒயின் வணிகர்களுமே. கில்மார்னக்கின் ஜான் வாக்கர், அபர்டீனின் சிவாஸ் சகோதரர்கள், பெர்த்தின் குளோக் ஆகியோரின் கடைகளில் தேயிலையும் சர்க்கரையும் நறுமணப் பொருள்களும் மதுவும் ஒரே கூரையின் கீழ் விற்பனையாயின. ஊருக்கூர், பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும் சரக்கை, வாடிக்கையாளர் மாதந்தோறும் ஒரே சுவையில் எதிர்பார்க்கும் பண்டமாக மாற்றுவதே கடைக்காரரின் கலை. கல்கத்தாவிலிருந்து தேயிலை பெட்டியில் போயிற்று. ஸ்காட்லாந்திலிருந்து விஸ்கி பெட்டியில் வந்தது. இரண்டையும் விற்பனைப் பண்டமாக்கியது கலவை.

ஆனால் கலக்கும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. வரி கட்டுவதற்கு முன்பாகவே, பண்டகசாலையில் வைத்து ஒரே வடிசாலையின் வெவ்வேறு வயது மால்ட்டுகளைக் கலக்கலாம் என 1853இல் அனுமதி வந்தது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் அதையொட்டித் தம் கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1860இன் மதுச் சட்டம் மால்ட்டையும் கிரெயினையும் பண்டகசாலையிலேயே கலக்க வழிவிட்டது. இன்று நாம் அறியும் விஸ்கித் தொழிலின் உண்மையான பிறப்பு இது. அதன் பின் ‘விஸ்கி என்றால் என்ன?’ என்ற வழக்கு எழுந்தது. 1905–06இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதி நீதிமன்றம், தொடர்வாலைச் சாராயத்தை விஸ்கி என்று விற்றது தவறு எனத் தீர்ப்பளித்தது. கலவையாளர்கள் அரசை நெருக்கினர். அரசக் குழு அமைக்கப்பட்டது. 1909இல் அது இரண்டையுமே விஸ்கி என ஏற்றது. அக்கால மால்ட் உற்பத்தியாளர்களின் கண்ணில் அது சிக்கரியைக் காப்பி என அறிவித்ததற்கு நிகர்.

நூறாண்டு கழித்து அதே சண்டை வேறு வடிவில் திரும்பியது. 2003இல் டியாஜியோ நிறுவனம், கார்டு என்ற தன் சிங்கிள் மால்ட்டின் இருப்பு போதாமல், பெயரையும் புட்டியையும் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு பிற வடிசாலைகளின் மால்ட்டையும் கலந்து, சிங்கிள் மால்ட் என்பதற்குப் பதிலாக ‘பியூர் மால்ட்’ என எழுதி விற்றது. எதிர்ப்புக் கடுமையாக எழவே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள் ஐந்து வகைமைகளை மட்டும் அனுமதித்து, ‘பியூர் மால்ட்’, ‘வேட்டட் மால்ட்’ ஆகிய பழஞ்சொற்களை விலக்கின. அவற்றின் இடத்தில் வந்ததே ‘பிளெண்டட் மால்ட்’. இதனால் ஒரு விபரீதமும் நேர்ந்தது: கிரெயின் கலவாதது என்பதே பெருமையாக இருந்த ஒரு வகை, ‘பிளெண்டட்’ என்ற சொல்லால் கிரெயின் கலந்த மலிவு வகையுடன் சேர்த்து எண்ணப்படலாயிற்று. கடையில் இப்புட்டியின் விலை குறைவாக இருப்பதற்குச் சாராயத்தின் தரத்தைவிட இந்தச் சொல்லின் தாழ்ந்த மதிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

3. பீப்பாய்

இனி ஷெர்ரி. தென் ஸ்பெயினின் ஹெரேஸ் நகரைச் சுற்றி விளையும் திராட்சையிலிருந்து செய்து, கூடுதல் சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டன் அதைப் பெருமளவில் குடித்தது. பீப்பாயோடு கப்பலில் வந்த ஷெர்ரியை லண்டன், பிரிஸ்டல், லீத் துறைமுகங்களில் புட்டியில் அடைத்தார்கள். காலிப் பீப்பாயைத் திருப்பியனுப்பும் கூலி வீண். அருகிலிருந்த விஸ்கிக்காரர் அதை மலிவாக வாங்கிப் புதிய சாராயத்தை நிரப்பினார். ஒயினில் ஊறிய மரம், நிறமற்ற சாராயத்துக்கு நிறத்தையும் இனிப்பையும் மணத்தையும் தந்தது. சிக்கனத்தில் தொடங்கிய பழக்கம் நாளடைவில் சுவையின் இலக்கணமாயிற்று.

இங்கே பரவலான ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘ஷெர்ரிப் பீப்பாய்’ என்றவுடன் ஹெரேஸின் நிலவறைகளில் தலைமுறைகளாக ஷெர்ரி முதிர்ந்த பழம்பீப்பாயைப் பலரும் கற்பனை செய்கிறார்கள். சொலேரா முறையில் அடுக்கியிருக்கும் அந்தப் பீப்பாய்கள் மரத்தின் சாரமெல்லாம் வற்றியவை. ஒயின் வணிகர் அவற்றை எளிதில் விற்பதுமில்லை. ஸ்காட்லாந்துக்கு வந்தவை பெரும்பாலும் போக்குவரத்துப் பீப்பாய்கள், அதாவது பொதிகலன்கள்.

1981இல் ஸ்பெயின், ஷெர்ரியைத் தன் மண்ணிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என விதித்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் போக்குவரத்துப் பீப்பாய்களின் வரத்து நின்றுபோயிற்று. பிரிட்டனில் ஷெர்ரி குடிப்பதும் அக்காலத்தில் குறைந்துகொண்டே வந்தது. இதற்கு முன்பே அமெரிக்காவின் சட்டம் விஸ்கிக்காரர்களுக்கு மாற்றுவழி ஒன்றைத் தந்திருந்தது. போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று 1930களின் பிற்பகுதியில் ஏற்பட்ட விதியால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் குவிந்தன. இன்று ஸ்காட்லாந்தில் மிகுதியாக உள்ளவை அவையே.

அப்படியானால் இன்றைய ஷெர்ரிப் பீப்பாய் எங்கிருந்து வருகிறது? விஸ்கி நிறுவனங்கள் ஓக் மரத்தைத் தேர்ந்து, ஸ்பெயினில் புதுப் பீப்பாய் செய்வித்து, ஹெரேஸின் நிலவறைகளுக்கு வாடகை கொடுத்து, அதில் ஒயினை ஓராண்டோ இரண்டாண்டோ நிரப்பிவைக்கின்றன. இதைப் பதப்படுத்தல் என்பர். ஹெரேஸின் ஒயின் ஒழுங்காற்றுக் குழு இதற்குச் சான்றிதழும் வழங்குகிறது. அந்த ஒயின் பொதுவாகக் குடிக்க விற்கப்படுவதில்லை. சிலமுறை பீப்பாய்களை ஊறவைத்தபின் காடியாகவோ பிராந்தியாகவோ மாற்றப்படுகிறது. ஒருகாலத்தில் ஒயின் சரக்கு, பீப்பாய் எச்சம். இன்று பீப்பாய் சரக்கு, ஒயின் எச்சம். விவரச்சீட்டில் உள்ள சொல்லோ மாறவேயில்லை.

‘மரபின் கண்டுபிடிப்பு’ என்ற கருத்தாக்கத்தை வகுப்பறையில் கற்பிக்கும்போது அரசச் சடங்குகளையும் ஸ்காட்டியக் கட்டம்போட்ட துணியையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாட்டுடன்: இங்கே கண்டுபிடிக்கப்பட்ட மரபு பொய்யானது என்று ஒதுக்க முடியாது. மரமும் ஒயினும் சாராயமும் உண்மை. அவற்றின் வேதிவினையும் உண்மை. செத்துப்போன ஒரு வணிகத்தின் தற்செயலான விளைவைத் திட்டமிட்டு மீண்டும் நிகழ்த்துகிறார்கள், அவ்வளவே.

அத்தகைய பீப்பாய் போர்பன் பீப்பாயைவிடப் பலமடங்கு விலை கூடியது. பிறகு மலிவு விஸ்கியில் ஷெர்ரி எப்படி? இளமையான மால்ட்டுகளைக் கலப்பது, வயதைக் குறிப்பிடாமல் விடுவது, முழுக்காலமும் ஷெர்ரி மரத்தில் வைக்காமல் வேறு பீப்பாயில் முதிர்ந்ததைக் கடைசிச் சில மாதங்கள் மட்டும் ஷெர்ரிப் பீப்பாய்க்கு மாற்றுவது ஆகியவை இத்தொழிலில் வழக்கமான வழிகள். இவற்றில் எதுவும் மோசடியன்று. வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறத்தைக் கொண்டும் முடிவுகட்டக் கூடாது; கருக்கிய சர்க்கரை நிறமியைச் சேர்க்க ஸ்காட்ச் விதிகள் இடம் தருகின்றன.

4. சுவை

எங்கள் வீட்டில் விஸ்கிக்கான குவளை ஏது? தெருமுனைத் தேநீர்க்கடையில் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடிக் குவளைகளை எடுத்தோம். ஆளுக்கு ஒரு சிறு பெக், முப்பது மில்லி. அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

நிறம், இரண்டாம் டிகாக்‌ஷனில் வெளிச்சம் பட்டதுபோல் இருந்தது. முகர்ந்தவுடன் முதலில் வந்தது உலர்திராட்சை. பாயசத்துக்கு நெய்யில் பொரித்து ஊதிப் பருக்கவைத்த திராட்சை அது. வெறும் உலர்ந்த பழமன்று. அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல், கிராம்பு. கிராம்பு மணத்துக்குக் காரணமான யூஜினால் ஓக் மரத்திலும் உண்டு என்பதால் அதை மரத்தின் கணக்கில் எழுதலாம். நண்பர் தம் குவளையை முகர்ந்து, “நொலேன் குர்” என்றார். குளிர்காலத்தில் இந்நகரத்து மிட்டாய்க் கடைகளில் சந்தேஷுக்குப் போடும் புதுப் பேரீச்சம் வெல்லம் அது. நான் கருப்பட்டி என்றேன். இருவரும் ஒரே மணத்தைத்தான் சொன்னோமா என்பது உறுதியில்லை. சுவைக்குறிப்பு எழுதுபவரின் ஊர் அதில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

வாயில் இனிப்பு முன்னே வந்தது, தேன் போலல்லாமல் பழப்பாகு போல. அடுத்து இஞ்சிக் காரம். கடைசியில் நாக்கின் ஓரங்களைப் பிடித்திழுக்கும் ஓர் உணர்வு. ஆங்கிலச் சுவைக்குறிப்புகள் இதை விளக்கப் பல சொற்களைச் செலவிடுகின்றன. நமக்கு அறுசுவையிலேயே அதற்கு இடமுண்டு. துவர்ப்பு. நாவற்பழமும் கொட்டைப்பாக்கும் தருவது. மரத்தின் டானின் அது. சில துளி நீர் விட்டதும் துவர்ப்பு பின்வாங்கி, வாழைப்பழமும் வனிலாவும் போன்ற மென்மையான மணம் எழுந்தது.

குறைகளும் உண்டு. சுவை தொண்டையைக் கடந்ததும் விரைவில் மறைகிறது. இரண்டாம் மிடறில் இளஞ்சாராயத்தின் எரிவு தெரிந்தது. பீப்பாய் போர்த்திய போர்வைக்கு அடியில் வயது குறைந்த சரக்கு அசைகிறது. ஆயினும் ஷெர்ரி மரம் என்ன செய்யும் என்பதை, இவ்விலையில், இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் புட்டி எளிதில் கிடைக்காது. அருமையான பழம்புட்டியில் மரமும் சாராயமும் பிரித்தறிய முடியாதபடி இணைந்துவிடும். இதில் தையல் தெரிகிறது. கற்பவருக்குத் தையல் தெரிவதே நல்லது.

5. ‘அயல்நாட்டு மது’

இங்கிருந்து நாட்டுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர் இந்தியாவில் குடித்தது மடெய்ராவும் கிளாரட்டும் சாராயப் பஞ்ச்சும். பிறகு ‘பிராந்தி பானி’. விஸ்கி சோடா பிற்காலத்தது. 1860களில் தொடங்கி ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்ததால் பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தைக் கலவை ஸ்காட்ச் பிடித்தது.

அரசு இதையெல்லாம் ஒரு வகைமையில் அடக்கியது. ஒருபக்கம் நாட்டுச் சாராயம், மறுபக்கம் அயல்நாட்டு மது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டமும் 1909இன் வங்காள ஆயச் சட்டமும் இந்த உலகில் எழுந்தவை. இன்றும் கொல்கத்தாவின் மதுக்கடைப் பலகைகளில் ‘எஃப்.எல். ஆஃப் ஷாப்’ என்றிருப்பதைக் காணலாம். ஃபாரின் லிக்கர் என்பதன் சுருக்கம். நாட்டுச் சாராயக் கடையில் ‘சி.எஸ்.’. எஃப்.எல். கடையின் அலமாரியில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலேயே, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தைக் கொண்டு தயாரானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது’ என்ற முரண்தொடரைத் தமிழ்நாட்டில் தினந்தோறும் வாசிக்கிறோம். முரண் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இவ்வகைமை யாரைப் பாதித்தது என்பதே முக்கியம். 1937 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும், 1948இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தபோதும் தொழிலிழந்தவர்கள் பனையும் தென்னையும் ஏறியவர்கள். அயல்நாட்டு மதுவுக்குப் பெர்மிட் இருந்தது. கள் குற்றமாயிற்று, விஸ்கி உரிமத்துக்குரியதாயிற்று. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு மீண்டும் வந்து, 1983இல் டாஸ்மாக் தோன்றி, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்த நீண்ட கதையின் முடிவில், இன்று அக்கடைகளில் அயல்நாட்டு மது என்னும் வகைமை அமர்ந்திருக்கிறது. கள் தடையிலேயே நிற்கிறது.

நிறுவனங்களின் வரலாறும் இதே திசையில் சென்றது. சென்னையில் 1826இல் இறக்குமதி வணிகமாகத் தொடங்கிய மெக்டவலை 1951இல் விட்டல் மல்லையா வாங்கினார். 1957க்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியபோது, உள்நாட்டில் செய்த ‘அயல்நாட்டு’ மதுவுக்குச் சந்தை திறந்தது. கல்கத்தாவில் 1886இல் பிறந்த ஷா வாலஸும் அதே தொழிலில் வளர்ந்து, 2005இல் மல்லையா குழுமத்திடம் சேர்ந்தது. மெக்டவலும் ஷா வாலஸும் ஒன்றான யுனைடெட் ஸ்பிரிட்ஸின் பெரும்பான்மைப் பங்கு 2014இல் டியாஜியோவிடம் சென்றது. ஸ்காட்ச் பெட்டிகளை இறக்குமதி செய்த இரு காலனிய நகரங்களின் நிறுவனங்கள் சுற்றிச்சுற்றி லண்டனுக்கே போய்ச் சேர்ந்தன.

பெயருக்கான வழக்கு இங்கும் நடந்தது. பெங்களூரின் கோடே நிறுவனம் 1968 முதல் விற்ற ‘பீட்டர் ஸ்காட்’ என்ற பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடுத்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் கோடேவின் பக்கம் நின்றது. சங்கம் நெடுங்காலம் வாளாவிருந்தது அத்தீர்ப்புக்கு முக்கியக் காரணம். நான்காண்டுகளுக்கு முன்பே, 2004இல், அதே பெங்களூரின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோவில் அறிமுகம் செய்திருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மலிவு என்ற சொல்லுக்கும் வரலாறுண்டு. மதுவின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரலில் நீங்கியது. அதன் இடத்தில் கூடுதல் சுங்கவரி வந்தது. உலக வணிக அமைப்பில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வழக்குத் தொடுத்தபின் 2007இல் கூடுதல் வரி விலக்கப்பட்டு, அடிப்படை வரி 150 விழுக்காடாக நின்றது. அதற்கு மேல் மாநில வரிகள். எடின்பரோவில் ஒரு மாணவர் வாங்கக்கூடிய புட்டி கொல்கத்தாவில் பேராசிரியரையும் யோசிக்கவைப்பது இதனால்தான். இருந்தும் 2022இல் ஏறத்தாழ 21.9 கோடி புட்டிகளுக்கு ஈடான ஸ்காட்ச்சை வாங்கி, அளவில் பிரான்சை முந்தி இந்தியா முதலிடம் பெற்றது. அதில் பெரும்பகுதி மொத்தச் சரக்காக வந்து இங்கே புட்டியில் அடைக்கப்படுவது, அல்லது இந்திய விஸ்கியில் கலக்கப்படுவது. கலவையின் கதை தொடர்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக உடன்பாடு இவ்வரியை முதலில் 75ஆகவும், பத்தாண்டுகளில் 40ஆகவும் குறைக்க வழிசெய்கிறது.

6. மீண்டும் பெட்டி

ஷெர்ரிப் பீப்பாயைப் பற்றி நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பரணில் இருக்கும் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. இறக்கினோம். ஒரு வணிகத்தின் பொதிகலன் இன்னொருவர் வீட்டில் வேறொன்றாகிறது. ஸ்காட்லாந்தில் ஒயின் பீப்பாய் விஸ்கியின் சுவையாயிற்று. லேக் மார்க்கெட்டில் விஸ்கிப் பெட்டி கொலுப்படியாயிற்று. முன்னதைத் தொழில் பெருமையுடன் புட்டியில் எழுதிக்கொண்டது. பின்னதை நாங்கள் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தோம்.

இந்தத் திருப்பல் எங்கள் வீட்டு வெட்கம் மட்டுமன்று, கல்கத்தாத் தமிழர் வரலாறு எழுதப்பட்ட முறையும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. சபா, சங்கம், கோயில், பள்ளி, இசைவிழா ஆகியவற்றைப் பற்றி மலர்களில் நிறைய எழுதியிருக்கிறோம். பகலெல்லாம் அந்த மனிதர்கள் கிளைவ் தெருவில் எதைத் தட்டச்சு செய்தார்கள் என்பது அம்மலர்களில் அரிதாகவே இருக்கும். சணல், நிலக்கரி, தேயிலைத் தோட்டக் கூலிகள், விஸ்கி. மதுவைத் தொடாத ஆசாரமும் மது வணிகத்தின் கடிதப் போக்குவரத்தும் ஒரே கையில், ஒரே நாளில் இருந்தன. தாத்தாவைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். 1970 ஏப்ரலில் மானேஜிங் ஏஜென்சி முறை சட்டப்படி ஒழிந்தது. நகரின் தொழில்களும் நலிந்தன. பலர் சென்னைக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்தனர். அந்த அலுவலகங்களின் கோப்புகளுள் பல பழைய காகித விலைக்குப் போயின. எஞ்சியிருப்பவை இத்தகைய பெட்டிகள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கொல்கத்தாவிலோ, இங்கிருந்து சென்று வேறு ஊர்களிலோ வாழும் நண்பர்கள் வீட்டில் அத்தகைய மரப்பெட்டி, தேயிலைப் பெட்டி, தகரப் பீப்பாய், நிறுவனப் பெயர் பொறித்த நாட்குறிப்பு, எதுவாயினும் இருந்தால் எழுத்துள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். சுத்தம் செய்ய வேண்டாம். தேய்த்தால் மை போய்விடும். அவற்றைக் கொண்டு ஓர் அட்டவணை தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதுகலை மாணவர்களுள் யாரேனும் இதை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்பினால் மகிழ்ச்சியுடன் பகிர்வேன்.

அம்மா பெட்டிகளைப் பரணுக்குத் திரும்ப ஏற்றச் சொன்னார். வரும் நவராத்திரியில் எழுத்துப் பக்கத்தை வெளியே வைக்கலாமா என்று கேட்டேன். அதற்கு நேரடியான பதில் வரவில்லை. மேசைமேலிருந்த புட்டியைப் பார்த்து, “தீர்ந்தா தூக்கிப் போட்டுடாதே. மணி பிளான்ட் வெக்கலாம்” என்றார்.